பேக்டெஸ்ட்டில் ஏறிய ரோபோ லைவில் ஏன் இறங்குகிறது: சோதிப்பது, ஆப்டிமைஸ் செய்வது பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். யூரோ-டாலர் ஜோடியில் 15 நிமிட சார்ட்டில் ஓடும் ஒரு எக்ஸ்பர்ட் அட்வைசர், அதாவது தானாகவே வாங்கி விற்கும் ரோபோ நிரல். இரண்டு மூவிங் ஆவரேஜ் (விலையின் நகரும் சராசரிக் கோடுகள்) வெட்டிக்கொள்ளும்போது உள்ளே போகும், ஆர்எஸ்ஐ (விலை ஏற்ற இறக்கத்தின் வேகத்தைக் காட்டும் அளவு) ஒரு வடிகட்டியாக இருக்கிறது, சின்ன டேக் ப்ராஃபிட் (லாபத்தோடு மூடும் விலை), அதோடு டிரெய்லிங் ஸ்டாப் (விலை சாதகமாக நகர நகரப் பின்னாலேயே நகரும் நஷ்டத் தடுப்பு விலை). மெட்டாடிரேடர் என்ற டிரேடிங் மென்பொருளில் 5 வருடப் பழைய டேட்டாவில் ஆப்டிமைஸ் செய்தபோது (லாபம் அதிகம் வரும் செட்டிங்ஸைத் தேடியபோது) லாபக் கோடு ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி மேலே போனது. லைவில், அதாவது நிஜப் பணம் போட்டு, ஓடவிட்ட இரண்டே மாதத்தில் கணக்கு சரிகிறது. சந்தை மாறிவிட்டதா, புரோக்கர் ஏதாவது செய்கிறாரா, இல்லை மறுபடி ஆப்டிமைஸ் செய்ய வேண்டுமா என்பது கேள்வி.

மறுபடி ஆப்டிமைஸ் செய்வதைத் தயவுசெய்து இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. ரோபோ லைவில் ஓடிய அதே இரண்டு மாதங்களுக்கு, அதே புரோக்கரின் டேட்டாவில், அதே செட்டிங்ஸோடு ஒரு பேக்டெஸ்ட், அதாவது பழைய விலைகளில் ஓட்டிப் பார்க்கும் சோதனை, போடுங்கள். பிறகு லைவ் டிரேடுகளையும் டெஸ்டர் (அந்தச் சோதனையை ஓட்டும் கருவி) காட்டும் டிரேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்: எத்தனை மணிக்கு உள்ளே போனது, என்ன விலை, எப்போது வெளியே வந்தது, ஏன் வெளியே வந்தது. டிரேடுகளே பொருந்தவில்லை என்றால் கோளாறு ரோபோவின் கோடிலோ (நிரலிலோ) டேட்டாவிலோ இருக்கிறது. டிரேடுகள் பொருந்துகின்றன, விலைதான் ஒவ்வொன்றிலும் அரை பிப், ஒரு பிப் (யூரோ-டாலரில் பிப் என்பது 0.0001) தள்ளி இருக்கிறது என்றால் செலவுக் கணக்கு தப்பு. எல்லாமே பொருந்துகிறது, டெஸ்டரும் அந்த இரண்டு மாதத்தில் நஷ்டம்தான் காட்டுகிறது என்றால் புரோக்கரைச் சந்தேகிக்க ஒன்றுமில்லை. பழைய டேட்டாவுக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த செட்டிங்ஸ் அது. இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு என்பதால் மூன்றையும் தனித்தனியாகவே பார்ப்போம்.

முதலில் டேட்டா. மெட்டாடிரேடர் 4-இல் "எவ்ரி டிக்" என்று போட்டாலும் அது உண்மையான டிக் (விலையின் ஒவ்வொரு சின்ன அசைவு) கிடையாது. ஒரு நிமிட கேண்டிலின், அதாவது அந்த நிமிடத்து விலைச் சுருக்கத்தின், ஓப்பன், ஹை, லோ, குளோஸ் (தொடக்க, உச்ச, கீழ், முடிவு விலைகள்), வால்யூம் இவற்றை வைத்துக்கொண்டு நடுவில் விலை எப்படிப் போயிருக்கும் என்று டெஸ்டர் தானாக ஒரு பாதையை உருவாக்குகிறது. அறிக்கையில் மாடலிங் குவாலிட்டி 90 சதவீதம் என்று வருவதைப் பார்த்து நிறையப் பேர் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஒரு நிமிட டேட்டா முழுமையாக இருந்தால் அந்த டெஸ்டரில் வரக்கூடிய உச்ச அளவே 90தான். உங்கள் ரோபோ 90 சதவீதம் நம்பகமானது என்று அதற்குப் பொருள் இல்லை.

இது எங்கே அடிக்கும் என்றால், சரியாக உங்கள் ரோபோ மாதிரியான இடத்தில். 3 பிப் டிரெய்லிங் ஸ்டாப் என்று வைத்துக்கொள்வோம். டெஸ்டர் உருவாக்கும் பாதை லோவிலிருந்து ஹைக்கு ஏறும்போது ஒழுங்காக, படிப்படியாக ஏறும். டிரெய்லிங் ஸ்டாப் அதன் பின்னாலேயே ஏறி, ஹையைத் தொட்டு விலை திரும்பியதும் உச்சத்திலிருந்து வெறும் 3 பிப் கீழே லாபத்தோடு வெளியே வரும். நிஜத்தில் அதே நிமிடத்துக்குள் விலை மூன்று பிப் கீழே, நாலு பிப் மேலே என்று பலமுறை ஆடியிருக்கும். முதல் ஆட்டத்திலேயே ஸ்டாப் அடித்து ரோபோ வெளியே வந்திருக்கும், அதற்குப் பிறகு விலை உச்சத்துக்குப் போனது அதன் கணக்கிலேயே வராது. ஒரே கேண்டில், ஒரே ஹை, ஒரே லோ, ஆனால் ஒரு பக்கம் 12 பிப் லாபம், இன்னொரு பக்கம் ஒன்றரை பிப் நஷ்டம். இதை 5 வருடத்துக்குப் பெருக்கினால் அந்த நேர்க்கோட்டு லாபம் எங்கிருந்து வந்தது என்பது புரியும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. மெட்டாடிரேடர் 5-இல் உண்மையான டிக்குகளை வைத்து ஓட்டும் மாடலிங் இருக்கிறது, அதில் பிட் (விற்கும்போது கிடைக்கும் விலை), ஆஸ்க் (வாங்கும்போது கொடுக்கும் விலை) இரண்டும் பதிவாகியிருப்பதால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான ஸ்ப்ரெட்டும் அந்தந்த நேரத்தில் இருந்தபடியே வரும். அதே ரோபோவை ஒருமுறை உருவாக்கப்பட்ட டிக்கிலும் ஒருமுறை உண்மையான டிக்கிலும் ஓட்டிப் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வந்தால் உங்கள் ரோபோ கேண்டிலுக்கு உள்ளே நடப்பதை நம்பி இல்லை, நல்லது. தலைகீழாக மாறினால் அதற்கு மேல் எதுவும் ஆராய வேண்டாம், லாபம் டெஸ்டரின் கற்பனையில் பிறந்தது. ஒரு எச்சரிக்கை: புரோக்கரிடம் உண்மையான டிக் பதிவு சில வருடங்களுக்குத்தான் இருக்கும். அது இல்லாத காலத்துக்கு டெஸ்டர் பேசாமல் டிக்கை உருவாக்கிக்கொள்ளும். எந்தத் தேதியிலிருந்து நிஜ டிக் இருக்கிறது என்பதை டெஸ்டரின் ஜர்னலில் (பதிவேட்டில்) பார்த்துக்கொள்ளுங்கள். நீண்ட காலத்துக்கு வேண்டுமென்றால் டூகாஸ்காப்பி என்ற சுவிஸ் வங்கி இலவசமாகத் தரும் டிக் பதிவை இறக்கி கஸ்டம் சிம்பலாக (நாமே சேர்க்கும் ஜோடியாக) ஏற்றிச் சோதிக்கலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

அப்படி வெளியிலிருந்து டேட்டா எடுத்தால் நேர மண்டலத்தைக் கவனியுங்கள். பெரும்பாலான புரோக்கர்கள் சர்வர் நேரத்தை நியூயார்க் மாலை 5 மணிக்கு நாள் முடியும்படி வைத்திருப்பார்கள், அதனால் வாரத்துக்கு ஐந்து முழு டெய்லி கேண்டில். கிரீன்விச் நேரத்தில் உள்ள டேட்டாவில் ஞாயிறு இரவு சில மணி நேரத்துக்கு மட்டும் ஒரு குட்டி கேண்டில் ஆறாவதாக வரும். டெய்லி ஏடிஆர் (விலை சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்ற அளவு), டெய்லி மூவிங் ஆவரேஜ், நேற்றைய ஹை-லோ இவற்றைத் தொடுகிற எந்த ரோபோவும் இந்த இரண்டு டேட்டாவில் வேறு வேறு ஆளாக நடந்துகொள்ளும். "காலை 9 மணிக்கு உள்ளே போ" என்று கோடில் எழுதியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது செலவு. நஷ்டத்தில் ஓடும் சின்ன டார்கெட் ரோபோக்களில் பெரும்பாலானவை இங்கேதான் செத்துப்போகின்றன. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஸ்ப்ரெட் 1 பிப் என்று நிலையாக வைத்த பேக்டெஸ்ட்டில் ஒரு டிரேடுக்கு சராசரி லாபம் 1.8 பிப் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். லைவில் சராசரி ஸ்ப்ரெட் 1.4, அதில் 0.4 போயிற்று. கமிஷன் ஒரு முழு லாட்டுக்கு (யூரோ-டாலரில் ஒரு லட்சம் யூரோ) போக வர 7 டாலர் என்றால், யூரோ-டாலரில் ஒரு லாட்டுக்கு ஒரு பிப் 10 டாலர் என்பதால் அது 0.7 பிப். ஸ்லிப்பேஜ், அதாவது கேட்ட விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம், சராசரியாக 0.3. மிச்சம் 0.4 பிப். 1.8 எங்கே, 0.4 எங்கே! ஐந்தில் நாலு பங்குக்கு அருகே செலவே தின்றுவிட்டது, இன்னும் ஸ்வாப் (டிரேடை இரவு தாண்டி வைத்திருந்தால் சேரும் அல்லது கழியும் வட்டி) கணக்கில் வரவில்லை. அதனால் எந்த அறிக்கையை எடுத்தாலும் மொத்த லாபத்தைப் பார்க்கும் முன் ஒரு டிரேடுக்கு சராசரி எவ்வளவு என்பதைப் பிப்பில் மாற்றிப் பாருங்கள். அந்த எண் ஸ்ப்ரெட்டைப் போல இரண்டு மூன்று மடங்காவது இல்லையென்றால் நான் அந்த ரோபோவைத் தொடமாட்டேன்.

மெட்டாடிரேடர் 4 டெஸ்டரில் ஸ்ப்ரெட் என்பது முழுக் காலத்துக்கும் ஒரே எண்தான். அதை "கரன்ட்" என்று விட்டுவிட்டு வார இறுதியில் டெஸ்ட் ஓட்டினால் வெள்ளிக்கிழமை சந்தை மூடும்போது விரிந்திருந்த ஸ்ப்ரெட்டே பத்து வருடத்துக்கும் போட்டுவிடும்; திங்கட்கிழமை மதியம் ஓட்டினால் அதே ரோபோ பிரமாதமாகத் தெரியும். எண்ணைக் கையால் போடுங்கள். சாதாரண ஸ்ப்ரெட்டில் ஒருமுறை, ஒன்றரை மடங்கில் ஒருமுறை, இரண்டு மடங்கில் ஒருமுறை. இரண்டு மடங்கில் லாபம் குறைவது இயல்பு, ஒன்றரை மடங்கிலேயே நஷ்டத்துக்குப் போகிறது என்றால் செலவைத் தாங்க லாபத்தில் இடம் போதாது.

இரவு நேர ஸ்கால்பர்களுக்கு, அதாவது சில பிப் லாபத்துக்காக உள்ளே போய் உடனே வெளியே வரும் ரோபோக்களுக்கு, இது இன்னும் கடுமை. நியூயார்க் மாலை 5 மணி ரோல்ஓவர் (ஒரு நாள் முடிந்து அடுத்தது தொடங்கும்) சமயத்தில் வங்கிகள் விலை தருவதைக் குறைத்துக்கொள்வதால் சாதாரணமாக ஒரு பிப்புக்குக் கீழே இருக்கும் ஸ்ப்ரெட் பல பிப்புகளுக்கு விரியும். சார்ட்டில் தெரிவது பிட் விலை மட்டும் என்பதால் அந்த விரிசல் கண்ணுக்கே படாது, ஆனால் செல் டிரேடை மூட வாங்கியாக வேண்டும் என்பதால் அதன் ஸ்டாப் ஆஸ்க் விலையில்தான் அடிக்கும். "சார்ட்டில் விலை என் ஸ்டாப்பைத் தொடவே இல்லை, புரோக்கர் அடித்துவிட்டார்" என்ற புகார்களில் கணிசமானவை இந்த வகை.

ஸ்வாப்பில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. டெஸ்டர் பழைய வருடங்களுக்கும் இன்றைய ஸ்வாப் விகிதத்தையே போடுகிறது. 2021-இல் அமெரிக்க ஃபெடரல் ரிசர்வின் வட்டி விகிதம் 0 முதல் 0.25 சதவீதம், 2023 ஜூலையில் அது 5.25 முதல் 5.50 சதவீதம். டாலர்-யென்னை வாங்கி வாரக்கணக்கில் வைத்திருக்கும் ரோபோவுக்கு இன்றைய ஸ்வாப்பை 2021-க்கும் சேர்த்துக் கொடுத்தால், அந்த வருடம் யாரும் வாங்காத வட்டி லாபமாகச் சேரும். பல நாள் பிடித்து வைக்கிற ரோபோ என்றால் ஸ்வாப்பை நீக்கிவிட்டு லாபத்தைத் தனியாகப் பாருங்கள்.

நிரலில் வரும் தப்புகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, முக்கியமான ஒன்று போதும். மூவிங் ஆவரேஜ் போன்ற இண்டிகேட்டரின் மதிப்பை எடுக்கும்போது கேண்டில் எண் 0-ஐ எடுக்கிறீர்களா, 1-ஐயா? 0 என்பது இன்னும் முடியாத, ஓடிக்கொண்டிருக்கும் கேண்டில். அதில் மூவிங் ஆவரேஜ் வெட்டியது மாதிரி தெரியும், ரோபோ உள்ளே போகும், கேண்டில் முடியும்போது வெட்டே இருக்காது. முடிந்த கேண்டிலை, அதாவது 1-ஐ எடுத்து, புதிய கேண்டில் திறக்கும்போது மட்டும் முடிவெடுக்கும்படி எழுதினால் டெஸ்ட்டுக்கும் லைவுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி தானாகவே மறையும், கூடவே டெஸ்ட்டும் பலமடங்கு வேகமாக ஓடும். ஸிக்ஸாக் போல பின்னால் போய்த் தன் கோட்டையே மாற்றி வரையும் இண்டிகேட்டரை வைத்துப் பழைய சார்ட்டைக் கண்ணால் பார்த்து உருவான ஐடியா என்றால், அதை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடலாம்.

சரி, இனி ஆப்டிமைஸேஷன். இதில்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் ரோபோவில் ஐந்து அளவுருக்கள் (மாற்றிப் பார்க்கக்கூடிய எண்கள்), ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பு என்றால் 20-ஐ ஐந்துமுறை பெருக்க வேண்டும், 32 லட்சம் சேர்க்கை. மெட்டாடிரேடரின் ஜெனடிக் அல்காரிதம் எல்லாவற்றையும் ஓட்டாமல் நல்லதாகத் தெரியும் பக்கமே நகர்ந்து நகர்ந்து சில ஆயிரம் ஓட்டங்களில் ஒரு "பெஸ்ட்" கொண்டுவந்து தரும். அந்தப் பட்டியலின் முதல் வரியை எடுத்து லைவில் போடுவதுதான் எல்லாரும் செய்வது.

அந்த முதல் வரி எவ்வளவு அதிர்ஷ்டத்தால் வந்தது என்று கணக்குப் போட முடியும். எந்தச் சரக்கும் இல்லாத, நீண்ட காலத்தில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்கிற ரோபோ ஒன்றை எடுத்து, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 100 செட்டிங்ஸில் ஓட்டினால், அவற்றில் முதலிடம் பிடிப்பது சராசரியிலிருந்து ஏறக்குறைய 2.5 திட்ட விலக்கம் (முடிவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) மேலே நிற்கும். 1000 செட்டிங்ஸ் என்றால் 3.2. 10,000 என்றால் 3.8-க்கும் மேல். சாதாரணமாக ஒரே ஒரு சோதனை செய்யும்போது 2 திட்ட விலக்கம் வந்தாலே "இது தற்செயல் இல்லை" என்று சொல்கிறோம். ஆக, ஆயிரக்கணக்கில் தேடினால் வெறும் காற்றிலிருந்தே அருமையான முடிவு கிடைத்தே தீரும். பக்கத்துப் பக்கத்து செட்டிங்ஸ் ஒரே மாதிரி டிரேட் எடுப்பதால் நிஜத்தில் இந்த விளைவு கொஞ்சம் குறையும், ஆனால் திசை இதுதான். எத்தனை முறை தேடினீர்கள் என்று தெரியாமல் ஒரு முடிவு எவ்வளவு நல்லது என்று சொல்லவே முடியாது. அதனால் கைவிட்ட ஐடியாக்கள், மாற்றிப் பார்த்த வடிகட்டிகள் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள், அவையும் தேடலின் பகுதிதான்.

அப்படியானால் ஆப்டிமைஸே செய்யக்கூடாதா என்றால், செய்ய வேண்டும், ஆனால் உச்சத்தைத் தேடி இல்லை. ஐடியா எந்தெந்த எண்களில் உயிரோடு இருக்கிறது என்று பார்க்க. இரண்டு அளவுருவை மட்டும் எடுத்து, ஜெனடிக் இல்லாமல் எல்லாச் சேர்க்கையையும் ஓட்டும் முறையில் ஓட்டி, இரு பரிமாணப் படமாகப் பாருங்கள். உதாரணத்துக்கு வேகமான மூவிங் ஆவரேஜ் 12, மெதுவானது 47 என்ற இடத்தில் ப்ராஃபிட் ஃபேக்டர் (மொத்த லாபத்தை மொத்த நஷ்டத்தால் வகுத்தது) 1.9 வருகிறது. பக்கத்தில் 11-47 போட்டால் 1.05. 13-47 போட்டால் 0.97. 12-49 போட்டால் 1.1. சந்தைக்கு 12 என்பதும் 13 என்பதும் அவ்வளவு வித்தியாசமாகவா தெரியும்? அந்த 1.9 இரண்டு மூன்று பெரிய டிரேடுகள் தற்செயலாக மாட்டியதால் வந்தது. அதே படத்தின் இன்னொரு மூலையில் வேகமானது 20 முதல் 32 வரை, மெதுவானது 80 முதல் 110 வரை எங்கே தொட்டாலும் 1.2-லிருந்து 1.35-க்குள் இருக்கிறது என்றால், எனக்கு அந்த இடம்தான் வேண்டும், அதிலும் அதன் நடுப்பகுதி, சுமார் 26-95. முதல் வரியில் வராது, பட்டியலில் நூறாவது இடத்தில்கூட இருக்கலாம். சந்தை கொஞ்சம் நகர்ந்தாலும் நாலா பக்கமும் இடம் இருக்கிற செட்டிங் அது.

இந்தப் பழக்கம் வந்துவிட்டால் ஸ்டாப் லாஸ் 37, டேக் ப்ராஃபிட் 11 என்று தனித்தனி எண்ணாகத் தேடுகிற ஆசையும் போய்விடும். ஸ்டாப்பை ஏடிஆரின் மடங்காக வைத்து 1.5, 2, 2.5, 3 என்று நாலைந்து மதிப்பு மட்டும் பாருங்கள். படி அகலமாக இருக்கட்டும். அளவுருக்களில் எது முடிவையே மாற்றுவதில்லையோ அதை ஒரு நியாயமான எண்ணில் நிறுத்திவிடுங்கள். எது கொஞ்சம் மாறினாலும் எல்லாம் கவிழ்கிறதோ அதை ரோபோவிலிருந்து எடுத்துவிட முடியுமா என்று யோசியுங்கள். உங்கள் ஆர்எஸ்ஐ வடிகட்டி என்ன செய்கிறது? அதை முழுவதும் அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அணைத்ததும் லாபம் நஷ்டமாக மாறினால், மூவிங் ஆவரேஜ் வெட்டில் ஒன்றுமில்லை, நஷ்ட டிரேடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிடும் அளவுக்கு வடிகட்டியின் எண் செதுக்கப்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

எதை வைத்து வரிசைப்படுத்துவது என்பதும் முக்கியம். மொத்த பேலன்ஸை அதிகமாக்கு என்று கேட்டால் டெஸ்டர் பெரிய ரிஸ்க் எடுக்கும் செட்டிங்ஸையே தரும். ப்ராஃபிட் ஃபேக்டரை மட்டும் கேட்டால் ஐந்து வருடத்தில் பன்னிரண்டு டிரேட் எடுத்து எல்லாம் ஜெயித்ததைத் தரும். மெட்டாடிரேடர் 5-இல் ஆன்டெஸ்டர் என்ற ஃபங்ஷனில் உங்கள் சொந்த அளவுகோலை எழுதிக்கொள்ளலாம். என் விருப்பம் எளிமையானது: ஒரு டிரேடின் சராசரி லாபத்தை டிரேடுகளின் திட்ட விலக்கத்தால் வகுத்து, டிரேட் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்குவது, டிரேட் 200-க்குக் குறைவென்றால் பூஜ்யம். இது எண்ணிக்கையையும் சீரையும் சேர்த்தே பார்க்கிறது. லாட் அளவை ஆப்டிமைஸ் செய்யும்போது நிலையாக வையுங்கள். கூட்டு வட்டி மாதிரி லாட் ஏறும் டெஸ்ட்டில் கடைசி வருடத்தின் டிரேடுகள் முதல் வருடத்தை முழுங்கிவிடும்.

டிரேட் எண்ணிக்கையை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 100 டிரேடில் 55 ஜெயித்தால் அந்த 55 சதவீதத்தின் திட்டப் பிழை, அதாவது தற்செயலால் வரும் தடுமாற்றம், கிட்டத்தட்ட 5. இருபக்கமும் அதில் இரண்டு மடங்கு விட்டுப் பார்த்தால் உண்மையான ஜெயிப்பு விகிதம் 45 ஆகவும் இருக்கலாம், 65 ஆகவும் இருக்கலாம். 1000 டிரேட் என்றால் பிழை 1.6-க்கு இறங்கும். உங்கள் இரண்டு மாத லைவ் நஷ்டமும் இதே கணக்கில்தான் வரும், 30 டிரேடை வைத்து ரோபோ செத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது, 30 டிரேடு லாபத்தை வைத்து அது நல்லது என்றும் சொல்ல முடியாது.

இனி ரோபோ பார்க்காத டேட்டாவில் சோதிப்பது. கடைசி இரண்டு வருடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு மீதியில் ஆப்டிமைஸ் செய்து, ஒதுக்கியதில் ஓட்டிப் பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்த முறை. அதைக் கெடுத்துக்கொள்வதும் அதே அளவுக்குச் சகஜம். ஒதுக்கிய இரண்டு வருடத்தில் நஷ்டம் வருகிறது, ரோபோவில் ஒரு வடிகட்டி சேர்க்கிறீர்கள், மறுபடி அங்கே ஓட்டுகிறீர்கள், இன்னும் சரியில்லை, இன்னொன்று. நாலாவது தடவை லாபம் வரும்போது அந்த இரண்டு வருடம் பார்க்காத டேட்டாவே இல்லை, ஆப்டிமைஸ் செய்த டேட்டாவோடு சேர்ந்துவிட்டது. மெட்டாடிரேடர் 5-இல் ஃபார்வர்ட் என்று பாதி, மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று எனப் பிரித்துத் தரும் வசதி இருக்கிறது, நல்ல வசதி, ஆனால் ஃபார்வர்ட் பத்தியை வைத்து வரிசைப்படுத்தி முதல் வரியை எடுத்தால் அதே கதைதான். ஃபார்வர்ட் முடிவு "ஆம், இல்லை" என்று தீர்ப்புச் சொல்ல மட்டும். தேர்ந்தெடுக்க அல்ல.

வாக்-ஃபார்வர்ட் இதைவிட நேர்மையானது. 10 வருட டேட்டா இருக்கிறது என்றால் முதல் 3 வருடத்தில் ஆப்டிமைஸ், அடுத்த 6 மாதம் அந்த செட்டிங்ஸோடு ஓட்டம். பிறகு ஜன்னலை 6 மாதம் நகர்த்தி மறுபடி. இப்படி 14 துண்டுகள் வரும், அந்த 14 ஆறுமாதங்களையும் ஒட்டினால் 7 வருடத்துக்கு ஒரு லாபக் கோடு. நீங்கள் அந்தக் காலத்தில் உண்மையாகவே இந்த முறையைப் பின்பற்றியிருந்தால் கிடைத்திருக்கும் கோட்டுக்கு மிக அருகில் இருப்பது இதுதான். பார்க்காத காலத்தின் வருட லாபத்தை ஆப்டிமைஸ் செய்த காலத்தின் வருட லாபத்தால் வகுங்கள். பாதிக்கு மேல் வந்தால் நல்லது என்பது பழக்கத்தில் உள்ள அளவுகோல். எனக்கு அந்த விகிதத்தைவிட வேறு இரண்டு விஷயம் முக்கியம். 14-இல் எத்தனை துண்டு லாபம், ஒரே துண்டு எல்லாவற்றையும் சுமக்கிறதா என்பது ஒன்று. ஒவ்வொரு முறையும் தேர்வாகும் எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றனவா, இல்லை ஒரு ஆறுமாதம் 15, அடுத்தது 90, அடுத்தது 22 என்று குதிக்கின்றனவா என்பது இன்னொன்று. குதித்தால் ஆப்டிமைசர் இரைச்சலைத்தான், அதாவது தற்செயல் அசைவுகளைத்தான், துரத்துகிறது.

மான்டே கார்லோ, அதாவது டிரேடுகளைத் தற்செயலாகக் கலைத்துப் பலமுறை ஓட்டிப் பார்க்கும் சோதனை, அதைப் பற்றியும் ஒரு தெளிவு. டிரேடுகளின் வரிசையைக் கலைத்துப் போட்டால் கடைசி லாபம் மாறாது, டிராடவுன் (கணக்கு உச்சத்திலிருந்து எவ்வளவு இறங்கியது என்பது) மட்டும்தான் மாறும். பேக்டெஸ்ட்டில் வந்த டிராடவுன் சாத்தியமான பல வரிசைகளில் ஒன்று மட்டுமே, அதனால் ஆயிரம் முறை கலைத்து 95-ஆவது சதமான டிராடவுனை (நூற்றில் 95 தடவை தாண்டாத அளவை) திட்டத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பேக்டெஸ்ட்டில் 12 சதவீதம் காட்டியது கலைத்ததும் 20-க்கு மேல் போவது சாதாரணம். லாபமே நிலைக்குமா என்று பார்க்க வேண்டுமென்றால், ஒருமுறை எடுத்த டிரேடு மறுபடியும் வரலாம் என்ற முறையில் மாதிரி எடுக்க வேண்டும், அல்லது பத்தில் ஒரு டிரேடை எங்கேயாவது தவறவிட்டுப் பார்க்க வேண்டும். பெரிய லாப டிரேடு ஐந்தை நீக்கினால் மொத்தமும் நஷ்டமாகிறதா என்றும் பாருங்கள். 20 சதவீதம் இழந்தால் மீள 25 சதவீதம் வேண்டும், 50 இழந்தால் 100 சதவீதம் வேண்டும் என்பதால் டிராடவுனை லாபத்துக்கு முன்னால் பார்ப்பது என் வழக்கம்.

மார்ட்டிங்கேல் (நஷ்டம் வந்தால் லாட்டை இரட்டிப்பாக்கும்), கிரிட் (விலை நகர நகரக் குறித்த இடைவெளியில் டிரேட் சேர்க்கும்) ரோபோக்களுக்கு மேலே சொன்ன பல சோதனைகள் வேலை செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவற்றின் லாபக் கோடு எப்போதும் அழகுதான், ஏனென்றால் நஷ்டத்தை மூடாமல் திறந்தே வைத்திருக்கின்றன. மூடிய டிரேடுகளை மட்டும் காட்டும் பேலன்ஸ் கோட்டைப் பார்க்காமல், திறந்திருப்பவற்றின் நஷ்டத்தையும் சேர்க்கும் ஈக்விட்டி கோட்டைப் பாருங்கள். 0.01 லாட்டில் ஆரம்பித்து ஒவ்வொரு நஷ்டத்துக்கும் இரட்டிப்பாக்கினால் பத்தாவது டிரேடு 5.12 லாட், பத்தையும் சேர்த்தால் 10.23 லாட். ஆப்டிமைசரிடம் இந்த ரோபோவைக் கொடுத்தால், அந்த 5 வருடத்தில் பதினோராவது டிரேடு தேவைப்படாத இடைவெளியைக் கண்டுபிடித்துத் தரும், அவ்வளவே. ஆறாவது வருடம் அது தேவைப்படும்.

டெஸ்ட் காலத்தில் மோசமான நாட்கள் இருக்க வேண்டும். சுவிஸ் தேசிய வங்கி 2011 செப்டம்பரில் யூரோவுக்கு 1.20 ஃப்ராங்க் என்று வைத்த கீழ் எல்லையை 2015 ஜனவரி 15 அன்று எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் எடுத்தது, சில நிமிடங்களில் விலை 1.00-க்கும் கீழே போனது. 1.19-இல் ஸ்டாப் வைத்தவர்களுக்கு அந்த விலையில் வாங்க ஆளே இல்லை, ஸ்டாப் எங்கோ கீழே நிறைவேறியது, அல்பாரி யூகே போன்ற புரோக்கரே திவாலானது. 2016 அக்டோபர் 7 ஆசிய நேரத்தில் பவுண்டு டாலருக்கு எதிராக சுமார் 9 சதவீதம் விழுந்து மீண்டது. 2019 ஜனவரி 3 அன்று யென் சில நிமிடங்களில் 3 சதவீதத்துக்கும் மேல் எகிறியது. 2012 முதல் 2014 வரை மட்டும் யூரோ-ஃப்ராங்கில் ஆப்டிமைஸ் செய்த ரோபோ எதுவும் "1.20-க்கு அருகே வாங்கு" என்பதையே கற்றுக்கொண்டிருக்கும், அதுவும் மிக உயர்ந்த ஜெயிப்பு விகிதத்தோடு. இந்த மாதிரி நாட்களில் ஸ்டாப் குறித்த விலையில் நிறைவேறும் என்று டெஸ்டர் சொன்னால் நம்ப வேண்டாம். உங்கள் மொத்தத் திறந்த லாட்டுக்கு எதிராக விலை ஒரேயடியாக 5 சதவீதம் தாவினால் கணக்கில் என்ன மிஞ்சும் என்று கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இத்தனையும் தாண்டிய ரோபோவை டெமோவில் (நிஜப் பணம் இல்லாத பயிற்சிக் கணக்கில்) ஓட்டலாம், ஆனால் டெமோ எதைச் சோதிக்கிறது என்று தெரிந்துகொண்டு ஓட்டுங்கள். நிரல் ஒழுங்காக ஓடுகிறதா என்பதை அது சொல்லும், ஆர்டர் எந்த விலையில் நிறைவேறும் என்பதைச் சொல்லாது. வேண்டுமென்றே டெர்மினலை மூடித் திறங்கள், நெட்டைத் துண்டியுங்கள்: ரோபோ ஏற்கனவே திறந்திருக்கும் தன் டிரேடுகளை மேஜிக் நம்பரை (அவற்றில் அது போட்டுவைக்கும் அடையாள எண்ணை) வைத்து அடையாளம் கண்டுகொள்கிறதா, இல்லை நினைவிலிருந்த மாறிகள் அழிந்துபோய் புதிதாக இன்னொரு டிரேடு போடுகிறதா? 130 (தவறான ஸ்டாப்), 138 (ரீகோட், அதாவது விலை மாறிவிட்டது) போன்ற பிழை எண்கள் மெட்டாடிரேடர் 4 லாகில் வந்தால் நிரல் என்ன செய்கிறது, ஸ்டாப் இல்லாமலே டிரேடைத் திறந்து வைத்துவிடுகிறதா? புள்ளிக்குப் பின் நான்கு இலக்க விலைக்கு எழுதிய பழைய நிரலை ஐந்து இலக்க புரோக்கரிடம் போட்டால் 30 பிப் ஸ்டாப் 3 பிப் ஆகிவிடும் என்பதும் இந்தக் கட்டத்திலேயே பிடிபட வேண்டியது. பிறகு நிஜப் பணத்தில் 0.01 லாட். அதில் ஒவ்வொரு டிரேடுக்கும் கேட்ட விலை, கிடைத்த விலை, அந்த நேர ஸ்ப்ரெட் மூன்றையும் ரோபோவே ஒரு ஃபைலில் எழுதும்படி செய்துவிடுங்கள். சில மாதத்தில் உங்கள் புரோக்கரின் உண்மையான செலவு கையில் இருக்கும், அதை டெஸ்டரில் போட்டு மறுபடி பேக்டெஸ்ட் செய்தால் வரும் எண்தான் நம்பத் தகுந்தது.

எப்போது நிறுத்துவது என்பதை ஓடவிடும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள், நஷ்டத்தின் நடுவில் யாராலும் சரியாக முடிவெடுக்க முடியாது. மான்டே கார்லோவின் 95-ஆவது சதமான டிராடவுனைத் தாண்டினால் நிறுத்தம் என்பது ஒரு நியாயமான விதி. மறு-ஆப்டிமைஸேஷனும் அப்படித்தான், வாக்-ஃபார்வர்டில் 6 மாதத்துக்கு ஒருமுறை என்று சோதித்திருந்தால் 6 மாதத்துக்கு ஒருமுறைதான், மோசமான வாரம் வந்தது என்பதற்காக இல்லை.

உங்கள் ரோபோவுக்குத் திரும்ப வந்தால், சின்ன டேக் ப்ராஃபிட், டிரெய்லிங் ஸ்டாப், 15 நிமிடம் என்கிற சேர்க்கையைப் பார்க்கையில் டிக் மாடலிங்கும் ஸ்ப்ரெட்டும்தான் என் முதல் சந்தேகம். டிரெய்லிங்கை அணைத்து, முடிந்த கேண்டிலில் மட்டும் முடிவெடுக்க வைத்து, ஸ்ப்ரெட்டை ஒன்றரை மடங்காக்கி, உண்மையான டிக்கில் ஒருமுறை ஓட்டுங்கள். அதில் ஒரு டிரேடுக்கு சராசரி எத்தனை பிப் வருகிறது என்று பார்த்துவிட்டு, அந்த எண் பூஜ்யத்துக்கு மேலே கணிசமாக இருந்தால் மட்டும் மூவிங் ஆவரேஜ் படத்தை வரைய உட்காருங்கள்.